இரண்டு படங்களுக்கு நடுவே

கிரீடம் அணிந்தவர் ஆசான். முழங்காலுக்குக் கீழே பொற்பட்டை கட்டியவன் அவருடைய மாணவன். கிரீடம், பட்டை இரண்டும் அணிந்து நிற்பவர், அவர்கள் செய்ததை முறிக்கத் தெரிந்த எதிர் ஆசான். எதையும் அணியாதவன் தோற்பவன். வட இத்தாலியின் ஃப்ரியூலி மண்ணில் பிறந்த ஃபியோரே தெய் லிபேரி 1410ஐ ஒட்டி உருவாக்கிய ‘ஃபியோர் தி பத்தாலியா’ என்ற போர்க்கலை நூலை இந்த அடையாளங்களைக் கொண்டே படித்துக்கொண்டு போகலாம். பக்கத்துக்குப் பெரும்பாலும் நான்கு படங்கள், ஒவ்வொன்றின் மேலும் சில வரிகள். வரையப்பட்டவர்களே தம் வாயால் பேசுகிறார்கள்.

ஃபெராராவின் பிரபு மூன்றாம் நிக்கோலோ தெஸ்தேவுக்காக எழுதப்பட்ட நூல் இது. நான்கு பிரதிகள் தெரியவந்திருக்கின்றன. 1902இல் பிரான்செஸ்கோ நொவாத்தி, பிசானி தோஸ்ஸி குடும்பத்துப் பிரதியை அச்சில் கொண்டுவந்தார். குறிப்புகள் விரிவாக உள்ள இன்னொரு பிரதி, லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் போன ஐந்நூறு ஆண்டுகளில், கைமாறி வந்த பயிற்சி அறுந்துவிட்டது. இன்று இந்த நூலை வைத்து நடக்கும் வார இறுதி முகாம்களில் கற்றுத்தரும் எவராலும் தன் ஆசான், அவருடைய ஆசான் என்று சொல்லிக்கொண்டே ஃபியோரே வரை போக முடியாது. கற்றுத்தருபவரிடம் இருப்பது படம். அந்தப் படத்தைத் தன் உடம்பில் போட்டுப் பார்த்த அனுபவம். எனக்கு இந்தக் கலையில் பிடித்ததே அதுதான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே நடந்ததை யாரும் வரையவில்லை. அதைத்தான் முகாமில் பத்துப் பேர் சேர்ந்து வியர்க்க வியர்க்கத் தேடுகிறார்கள்.

முகாம் தொடங்கும் சனிக்கிழமை காலையில் வாளுக்கு வேலையில்லை. கெட்டி பிரதி மல்யுத்தத்தில் தொடங்குகிறது. பிறகு குத்துவாள், ஒற்றைக் கை வாள், இரட்டைக் கை வாள், கோடரி, ஈட்டி, குதிரைமேல் சண்டை. நல்ல ஆசிரியர்கள் இந்த வரிசையைக் குலைப்பதில்லை. மரக் குத்துவாள் மேலிருந்து இறங்கும்போது மணிக்கட்டைப் பற்றுவதும், முழங்கையைத் தள்ளித் திருப்புவதுமாக மதியம் வரை போகும். வாளேந்த ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். மாலையில் இரண்டு வாள்கள் நெருக்கத்தில் சிக்கி நிற்கும்போது, இடது கை தானாகப் போய் எதிராளியின் கையைப் பற்றும். காலையில் பழகிய அதே பிடி.

இரட்டைக் கை வாள் பலர் நினைப்பதுபோல் தூக்க முடியாத இரும்பு அல்ல. ஏறத்தாழ ஒன்றரை கிலோதான். பயிற்சி வாளில் கூர் இருக்காது, குத்தினால் வளைந்துகொடுக்கும். அதை ஏந்தும் நிலைகளுக்கு ஃபியோரே சூட்டிய பெயர்கள் அழகானவை: பெண்மணி நிலை, சாளர நிலை, இரும்புக் கதவு, காட்டுப்பன்றிப் பல். பன்றிப் பல் நிலையில் வாள் இடப்பக்கம் தாழ்ந்திருக்க, முனை மட்டும் முன்னே பார்க்கும். தாக்குதல் கீழிருந்து மேலே கிழித்துக்கொண்டு வரும். பெண்மணி நிலையில் வாள் தோளுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். முன்பக்கம் காவலே இல்லை என்று தோன்றும். அதை நம்பி முதலில் வெட்ட வருபவருக்கு அங்கிருந்துதான் பலமான வெட்டு கிடைக்கும்.

எல்லாவற்றிலும் எனக்கு உச்சமாகத் தெரிவது ‘பட்டிக்காட்டான் வெட்டு’. பெயரில் மேட்டிமை இருக்கிறது, வித்தை அபாரமானது. நுட்பம் அறியாத ஒருவன் முழு பலத்தையும் இறக்கி வெட்ட வருகிறான். நாம் இடது காலை முன்வைத்து, கால்களுக்கு நடுவே இடைவெளியைக் குறுக்கிக் காத்திருக்கிறோம். வெட்டு இறங்கும்போது இடது கால் வெட்டு வரும் கோட்டிலிருந்து இடப்பக்கம் விலகுகிறது. அவன் வெட்டை நம் வாளின் நடுவில் வாங்கி, அப்படியே தரையை நோக்கி வழுக்கிப் போக விடுகிறோம். அவன் வாள் மண்ணுக்கு, நம் வாள் அவன் தலைக்கு. நூலில் இதற்கு இரண்டே படங்கள்: வாள்கள் சந்தித்த கணம், எல்லாம் முடிந்த கணம்.

இறுக்கித் தாங்கினால் இரண்டு வாளும் முட்டி நின்றுவிடும். தளர்த்திப் பிடித்தால் நம் வாளையும் தள்ளிக்கொண்டு வெட்டு தலையில் இறங்கும். நடுவே ஒரு பிடி இருக்கிறது. எதிர் வாளின் பாரம் வந்து அமர்ந்த மறுகணம் மணிக்கட்டு அதற்கு வழிவிடுகிறது. அப்போது ஓசையே வேறு. ‘டண்’ என்று முட்டுவதில்லை. இரும்பின் மேல் இரும்பு உரசி இறங்குகிறது. அரங்கின் மறுகோடியில் கண்ணை மூடி நின்றாலும் யாருக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். வெட்டுபவரும் உண்மையாக வெட்ட வேண்டும். பாவம் பார்த்துப் பாதியில் நிறுத்தினால், வழுக்கிவிட அங்கே பலமே இருக்காது. முகக்கவசத்தை நம்பித் தலைக்கே வெட்டுபவர்தான் நல்ல துணை.

எவ்வளவு விலகுவது என்பதில் வாக்குவாதம் வராமல் இருக்காது. விலகு என்கிறது நூல். எத்தனை அடி என்று சொல்லவில்லை. படத்தின் நகலைத் தரையில் வைத்து, சுற்றிக் குந்தி, வரைந்தவர் பாதத்தை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார் என்று ஆராய்வார்கள். ஏட்டுச் சுவடிக்குப் பாடபேதம் பார்ப்பவர்களின் அதே கறார். ஓவியர் தவறிவிட்டார் என்று சொல்லித் தப்பிக்க நல்ல ஆசிரியர்கள் எளிதில் விடுவதில்லை. நானும் அவர்கள் கட்சிதான். படம் பிழை என்று தோன்றும் இடத்தில் பெரும்பாலும் நம் இடுப்புதான் திரும்பாமல் நிற்கும்.

ஞாயிறு பிற்பகலில் மோதிப் பார்க்கும் நேரம். முகக்கவசம், கழுத்துக் காப்பு, தடித்த கையுறை. படபடப்பில் கற்றதெல்லாம் மறந்து இருவரும் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதே அதிகம் நடக்கும். அதைச் சின்னத் தவறாக எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை. பஞ்சு பொதிந்த சட்டையும் தோல் கையுறையும் மட்டும் அணிந்து, கூர்வாளோடு ஐந்து முறை மோத நேர்ந்ததாக ஃபியோரே முன்னுரையில் எழுதுகிறார். ஐந்திலும் காயமின்றி மீண்டார். அந்த அளவுகோலில், இருவரும் வெட்டுப்பட்ட மோதலில் வென்றவர் இல்லை.

ஒரு முகாமில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணியும் நெடிய இளைஞர் ஒருவரும் மோதினார்கள். இளைஞர் பலத்தையெல்லாம் திரட்டி வெட்டினார். அம்மையார் அரையடிதான் விலகினார். வாள் உரசி இறங்கியது. அவருடைய வாள்முனை இளைஞரின் முகக்கவசத்தைத் தொட்டு நின்றது. அடுத்த முறை உஷாராகி, இளைஞர் பாதி பலத்தில் வெட்டினார். வழுக்கிவிடச் சுமை இல்லை. வாள்கள் முட்டி நின்றன. அம்மையார் தயங்கவேயில்லை. இடது கையால் இளைஞரின் மணிக்கட்டைப் பற்றி, முழங்கையைத் தள்ளித் திருப்பி, வாளைப் பிடுங்கிக்கொண்டார்.