மருந்து அதிகாரமும் மக்கள் உணவும்

நல்லுணவு எது என்று பொதுமக்களைக் கேட்டால், நூல் பார்த்து விடை கூறுவார் சிலரே. “உடம்புக்குச் சேர்வது நல்லது, சேராதது கெட்டது” என்பதே பலருடைய விடை. டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி, சளி பிடித்தவருக்குத் தயிர் ஆகாது, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வேண்டும். மலேசியத் தமிழர் இல்லங்களில் வழங்கும் இத்தகைய சொற்களை அறியாமை என்று ஒதுக்குவார் உளர். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை ஊன்றிப் படித்தவர் அங்ஙனம் ஒதுக்கத் துணியார்.

தொண்ணூற்றைந்தாவதாகிய அவ்வதிகாரத்தில் முதற்குறள் நோயின் தோற்றத்தைக் கூறுகின்றது. அடுத்த ஆறும் உணவைப் பற்றியவை. மருத்துவன் செயலுக்கு எஞ்சியவை மூன்றே. மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயரும் இல்லை. ஓர் உணவின் பெயரும் இல்லை. ‘பதார்த்த குண சிந்தாமணி’ போன்ற நூல்கள் ஒவ்வொரு பொருளாக எடுத்து அதன் குணத்தைக் கூறும். வள்ளுவர் நோக்குவதோ உண்ணும் பொருளை அன்று; உண்பவனை. 943, 947 ஆகிய குறள்களில் உண்பவனுக்குச் சொன்ன ‘அளவு’ என்னும் சொல்லையே 949ஆம் குறளில் மருத்துவனுக்கும் சொல்கின்றார். ஆதலின், அளவு அறிதலே இவ்வதிகாரத்தின் உயிர்நாடி எனலாம்.

அதிகாரம் வைக்கப்பட்ட இடமும் நோக்கத்தக்கது. கள்ளுண்ணாமைக்கும் சூதுக்கும் அடுத்து வருவது மருந்து. பொருளை இழக்க இழக்கச் சூதின்மேல் ஆசை வளர்வது போல, துன்புறத் துன்புற உடம்பின்மேல் உயிருக்குக் காதல் வளர்கின்றது என்று சூது அதிகாரம் முடிகின்றது. அந்த உடம்பைக் காப்பது எப்படி என்ற வினாவுக்கு விடையாகவே அடுத்த அதிகாரம் தொடங்குகின்றது. கள்ளிலும் சூதிலும் அளவிழந்தவன் கதையைக் கேட்டபின், சோற்றிலும் அளவு உண்டு என்பதைக் கற்பவன் உணர்தல் வேண்டும்.

வகுப்பறையில் இவ்வதிகாரத்தின் சாரம் பெரும்பாலும் “குறைவாக உண்” என்பதாகச் சுருங்கிவிடுகின்றது. இது முழுமையான பொருள் ஆகாது. முன் உண்டது செரித்ததா? நன்றாகப் பசிக்கின்றதா? உணவில் மாறுபாடு உண்டா? எவ்வளவு உண்பது? இந்நான்கு வினாக்களையும் ஒருசேரக் கேட்பது குறள். மாறுபாட்டை விளக்கும் பரிமேலழகர், உண்பவனுடைய உடலியல்போடு மாறுபடுதல், காலத்தின் இயல்போடு மாறுபடுதல், உணவுகள் சுவையாலும் ஆற்றலாலும் தமக்குள் மாறுபடுதல் என அதனை மூன்றாக வகுக்கின்றார். பாட்டி “சேராது” என்று ஒரே சொல்லில் சொல்வதை உரையாசிரியர் மூவகையாக விரித்துக் காட்டுகின்றார். இரண்டும் ஒரே மரபின் குரல்கள்.

எனினும், மக்கள் இம்மரபில் ஒரு பாதியைப் போற்றி மறுபாதியைக் கைவிட்டனர் என்பதும் உண்மை. சேர்வதும் சேராததும் நினைவில் நின்றன, அளவு நழுவிற்று. சோறு சூடும் அன்று, குளிர்ச்சியும் அன்று. ஆகவே அதனை ஐயுறுவார் இல்லை. சீனியும் பாலும் கலந்த தேநீரை உணவென்றே எண்ணுவார் இல்லை. தயிர் தந்த சளி மறுநாளே தெரிந்துவிடும் என்பர். இனிப்புநீரோ பல்லாண்டு ஓசையின்றி உடம்பில் குடியிருக்கும். உடனே துன்பம் தராதது உடம்புக்குச் சேர்ந்தது என்று கொள்ளும் அளவுகோல் இங்கே பொய்த்துவிடுகின்றது. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு இந்நோய் இருப்பது தெரிய வந்தது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையேதான் அது மிகுதி.

அளவு நழுவியதற்குப் பெருந்தீனி ஆசை மட்டுமே காரணமன்று. விடியுமுன் எழுந்து பால்வெட்டப் போனவர்கள் இம்மக்களின் முன்னோர். 1941 முதல் 1945 வரை நீடித்த போர்க்காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். அத்தகையோர்க்குத் தட்டு நிறைந்த வெண்சோறே நல்வாழ்வாகத் தோன்றியது. “இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்” என்று தாய் வற்புறுத்துவதில் அன்பும் உண்டு. பழைய பசியின் நினைவும் உண்டு. இதனை உணராமல், தட்டில் பாதி காய்கனி, கால் பங்கு சோறு என்று படம் வரைந்து காட்டினால் மட்டும் மனம் மாறிவிடுமா?

மாறுவதற்கு வழியையும் மரபே தருகின்றது. மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்னும் முதற்குறளுக்கு உரை கூறும் பரிமேலழகர், உணவை மட்டும் குறிக்கவில்லை. உணவையும் செயலையும் சேர்த்தே குறிக்கின்றார். மரத்துக்கு மரம் நடந்து உழைத்த பாட்டனுக்கு ஒத்த சோறு, நாற்காலியில் அமர்ந்து எழுதும் பேரனுக்கு மிகை ஆகிறது. சோறு மாறவில்லை, செயல் மாறிவிட்டது. ஆகவே அதே சோறு இன்று “சேராத” உணவு. மக்கள் அறிந்த இச்சொல்லைக் கொண்டே அவர்கள் மறந்த அளவை உணர்த்தலாம்.

ஒன்றை மறத்தலாகாது. அளவு அறிந்து உண்க என்ற வள்ளுவரே, பசித்தவன் பசியைத் தீர்ப்பதுதான் செல்வன் தன் பொருளைச் சேமித்து வைக்கும் இடம் என்று ஈகை அதிகாரத்தில் கூறினார். உணவு இல்லாதவனுக்கு அளவு கற்பித்தல் அறமாகாது. காலை உணவின்றி வரும் பிள்ளையும், தித்திப்பு நீரும் பொரித்த பண்டமும் உண்டு வரும் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்திருக்கக்கூடும். மருந்து அதிகாரத்தை ஈகையோடு சேர்த்துக் கற்பிக்கும் ஆசிரியரே அவ்விருவருக்கும் பொருந்தக் குறளைக் கற்பித்தவர் ஆவார்.