நடுவே விட்டுவைத்த பட்டை

1970களின் அமெரிக்கக் கார்களில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் எது என்று கேட்டால், எஞ்சினையோ முகப்பையோ சொல்ல மாட்டேன். கூரையின் நடுவே, முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் தொடங்கிப் பின்னால் ஓடும் அந்தக் குறுகிய இரும்புப் பட்டையைத்தான் சொல்வேன். அதன் இருபுறமும் இரண்டு கண்ணாடிப் பலகைகள். தாழ்ப்பாளைத் திருப்பி, தூக்கிக் கழற்றி, டிக்கியில் படுக்க வைத்துவிட்டால் தலைக்கு மேல் வானம். மழை வந்தால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். டி-டாப் என்பார்கள்.

முழுக்கத் திறக்கும் கன்வெர்டிபிள்காரர்களுக்கு இந்தப் பட்டையைக் கண்டால் இளக்காரம். திறப்பதென்றால் முழுசாகத் திற, மூடுவதென்றால் மூடு, இதென்ன ரெண்டுங்கெட்டான் என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. துணிக்கூரை மடிவதில் பெரிய ரசனை எதுவும் எனக்குத் தென்பட்டதில்லை. பட்டையை விட்டுவைத்த கூரையில்தான் செய்தவனின் யோசனை வெளியே தெரிகிறது. அதிலும், மூடிய கூரையோடு பிறந்த ஒரு காரைப் பிறகு யாரோ வெட்டி டி-டாப்பாக மாற்றியிருந்தால், அது நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய வேலை.

கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் இருப்பதில்லை. அடியில் தனிச் சட்டம் இல்லாமல், தகடுகளே ஒன்றோடொன்று சேர்ந்து உடம்பாக நிற்கிற கார்களில், முறுக்கைத் தாங்குவதில் கூரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் உருவி, இரண்டு முனைகளையும் பிடித்துத் திருகிப் பாருங்கள், சொன்னபடி கேட்கும். உறைக்குள் திரும்ப நுழைத்துவிட்டுத் திருகினால் அசைந்து கொடுக்காது. கூரையை வெட்டுகிறவர் அந்த உறையைத்தான் கிழிக்கிறார். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது கார் கொஞ்சம் முறுகும், கதவு தன் சட்டத்தில் உரசும், கண்ணாடி கிறீச்சிடும். நடுவே விட்டுவைக்கும் பட்டை, முன் பில்லர்களையும் பின்பக்கத்தையும் கட்டிப்போட்டு, போன விறைப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. முழுவதையும் அல்ல.

இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கியவர் கார்டன் பியூரிக். முகப்பு விளக்குகளை ஒளித்து வைத்த கோர்ட் 810 காரை 1930களில் வடிவமைத்த அதே மனிதர். 1948இல் டாஸ்கோ என்றொரு மாதிரிக் காரை வரைந்தார். மெர்க்குரி அடிச்சட்டத்தின் மேல் டெர்ஹம் பட்டறை அதற்கு உடம்பு கட்டியது. விமானத்தின் சாயலில், தலைக்கு மேல் கழற்றக்கூடிய இரண்டு ஒளிபுகும் பலகைகள். காப்புரிமை 1951இல் கைக்கு வந்தது. கார் உற்பத்திக்குப் போகவில்லை. செய்தது ஒன்றே ஒன்றுதான். அது இன்று இண்டியானா மாநிலத்தின் ஆபர்ன் ஊர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உண்மையைச் சொன்னால் அழகான கார் அல்ல. சக்கரங்களை மூடிய கவசங்களும் தடித்த உடம்புமாக எதையோ விழுங்கிவிட்டு நிற்பது போலிருக்கும். கூரை மட்டும் அப்பழுக்கற்ற சிந்தனை.

டிரையம்ஃப் நிறுவனம் 1961இல் டிஆர்4 காரில் வேறு வழியில் போனது. பின்கண்ணாடியை அசையாத சட்டத்தில் நிறுத்திவிட்டு, நடுப்பலகையை மட்டும் கழற்றும்படி செய்தது. போர்ஷ 1965இல் 911 டார்காவைக் காட்டியபோது, குறுக்கே ஒரு தடித்த வளைவை நிறுத்தி, அதற்கு எஃகின் மங்கிய பளபளப்பைக் கொடுத்து, பலத்தையே அலங்காரமாக்கிவிட்டது. திறந்த கார்களுக்கு அமெரிக்காவில் தடை வரக்கூடும் என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. உருண்டாலும் தலை தப்பும் என்று காட்ட வேண்டிய காலம்.

ஷெவர்லேயின் 1968 கார்வெட் கதைதான் எனக்கு முக்கியம். முதலில் ஒரே பலகையாகக் கழற்றும் கூரைதான் திட்டம். கார்வெட்டுக்கு அடியில் தனிச் சட்டம் உண்டு. அப்படியிருந்தும் உடம்பு முறுகியது, முனகியது. வேறு வழியில்லாமல் நடுவில் பட்டையை வைத்தார்கள். பியூரிக்கின் காப்புரிமை காலாவதியாகும் தறுவாயில் அந்தக் கார் வந்தது. அவர் வழக்குப் போட்டார், சிறு தொகையோடு சமரசமானது. பிறகு 1984 மாடலுக்கு முற்றிலும் புதிய கார்வெட்டை வடிவமைத்தபோதும் பட்டையோடுதான் தொடங்கினார்கள். வேலை பாதி தாண்டிய பிறகு, ஷெவர்லேயின் லாயிட் ராய்ஸ் பட்டையை எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்தார்கள். மேலே போன பலத்தைக் கீழே தேட வேண்டியதாயிற்று. கதவடிச் சட்டத்தை உயர்த்தினார்கள். அந்தக் காரில் ஏறுவதும் இறங்குவதும் தொட்டியைத் தாண்டுவது மாதிரி ஆகிவிட்டது. கூரைப்பலகையை நான்கு போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்தன. கழற்ற ஸ்பேனர் வேண்டும். தலைக்கு மேலே இருந்த தடையை எடுத்து முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதைவிட நேர்மையான இடத்தில்தான் முதலில் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

மாற்றும் தொழிலுக்கு வருவோம். 1976இல் போண்டியாக் நிறுவனம் தன் 50ஆம் ஆண்டை ஒட்டிக் கறுப்பும் பொன்னுமாக ஒரு சிறப்பு டிரான்ஸ் ஆம் விட்டது. அதில் டி-டாப் வேண்டுமென்றால், மூடிய கூரையோடு தயாரான காரை ஹர்ஸ்ட் நிறுவனம் வெட்டிப் பலகைகளைப் பொருத்தும். அடுத்த ஆண்டு வந்த ‘ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்’ படம் அந்த உருவத்தை அமெரிக்காவின் ஒவ்வொரு இளைஞன் தலையிலும் ஏற்றிவிட்டது. ஆனால் ஹர்ஸ்ட் பலகைகள் ஒழுகின. அந்தப் பேர் இன்றும் போகவில்லை. 1978 நடுவில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த ஃபிஷர் பிரிவே பெரிய கண்ணாடிகளோடு கூரையைச் செய்து தரத் தொடங்கியது. பழகியவர்கள் தூரத்திலிருந்தே இது ஹர்ஸ்ட், அது ஃபிஷர் என்று கண்ணாடியின் அளவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இன்றைக்கு வீட்டுக் கொட்டகையில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் கூரையில் ஓட்டை போடுவதில்லை. உடைசல் கடையில், முன்பக்கம் நொறுங்கி, கூரை மட்டும் நன்றாக இருக்கிற ஒரு டி-டாப் காரைத் தேடிப் பிடித்து, அதன் கூரையை முழுசாக அறுத்து எடுத்து வந்து தங்கள் காரில் நடுகிறார்கள். ஓட்டை போடுவதைவிட இது பெரிய வேலை; ஆனால் சரியான வேலை. வெளியே தெரிகிற தகட்டைவிட உள்ளே ஒளிந்திருக்கிற வலுப்படுத்தும் சட்டங்கள்தான் முக்கியம், அவை கூரையோடு சேர்ந்தே வரும்.

கூரையைத் தொடுவதற்கு முன் செய்கிற காரியத்தில்தான் ஆளின் தரம் தெரியும். கார் தன் சக்கரங்களின் மேல், வழக்கமாகச் சுமை தாங்குகிற மாதிரியே நிற்க வேண்டும். நடுவில் மட்டும் தூக்கி வைத்தால் இரண்டு முனையும் தொங்கும். அந்தத் தொங்கலோடேயே வெல்டு வைத்துவிட்டால் பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. கதவுச் சட்டத்தில் கீல் பக்கத்திலிருந்து பூட்டுப் பக்கத்துக்குச் சதுரக் குழாயை வெல்டு வைத்து முட்டுக்கொடுப்பார்கள். இடமிருந்து வலமாகவும் ஒன்று. மூலைக்கு மூலை அளந்து எழுதி வைப்பார்கள். அப்புறம்தான் கட்டர். பழைய ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகக் குடைந்தெடுத்தால் அடித்தகடு பிழைக்கும். அவசரக்காரன் உளியால் நெம்புவான், விளிம்பெல்லாம் அலையலையாகும்.

புதுக் கூரை உட்கார்ந்ததும் நேரே வெல்டு வைப்பதில்லை. நான்கு மூலையில் ஒரு பொட்டு, கதவை மாட்டிச் சாத்திப் பார்ப்பது, முன்கண்ணாடியை வைத்துப் பார்ப்பது, ஒரு பொட்டைப் பிரிப்பது, இரண்டு மில்லிமீட்டர் நகர்த்துவது. கதவுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக ஓட வேண்டும். பிறகும் தொடர்ச்சியாக ஒரு கோடு இழுக்கக்கூடாது. மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடியும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கொட்டாவி வரும்.

பின் பில்லரில் கூரையும் பக்கத்தகடும் சேரும் தையல் இருக்கிறதே, அதுதான் என் கண் முதலில் போகும் இடம். தொழிற்சாலையிலேயே அந்தக் காலத்தில் அதை ஈயத்தால் நிரப்பினார்கள். இன்று பெரும்பாலோர் பட்டி வைத்துத் தேய்த்து முடித்துவிடுகிறார்கள். நல்ல பட்டியும் நிற்கும்தான், ஆனால் கார் முறுகுகிற இடம் இது. சில வருடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு எழும்பும். பழைய முறையில் செய்கிறவர் தகட்டை வெள்ளையாகச் சுத்தம் செய்து, முதலில் மெல்லிய பூச்சு கொடுத்து, பிறகு முப்பது பங்கு வெள்ளீயமும் எழுபது பங்கு ஈயமும் கலந்த குச்சியை நெருப்பில் காட்டுவார். இந்தக் கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கும். 250 தாண்டும்வரை முழுசாக உருகாது. நடுவில் அது களிபோல் நிற்கிற அந்த இடைவெளியில்தான் வேலை முழுக்க. கொழுப்பு தடவிய மரக்கரண்டியால் செங்குத்தான தகட்டின் மேல் அதைத் தள்ளி, வழித்து, நிறுத்த வேண்டும். நெருப்பு கொஞ்சம் கூடினால் மொத்தமும் சரிந்து தரையில் சொட்டும்; குறைந்தால் மணல்போல் உதிரும். ஆறியதும் வளைந்த பல் கொண்ட அரத்தால் இழைப்பார்கள். கிரைண்டர் போட்டால் ஈயத்தூள் நெஞ்சுக்குள் போய்விடும். அரம் ஓடும்போது வெள்ளித் துருவல் சுருள் சுருளாக விழும். தையல் எங்கே இருந்தது என்று விரலால் தடவிக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து ரப்பர் பீடிங். கதவுக் கண்ணாடிக்கு மேல்சட்டம் கிடையாது. அது நேரே பலகையின் ரப்பரில் போய் முட்ட வேண்டும். கண்ணாடியின் உயரம், உள்சாய்வு, முன்பின் நகர்வு மூன்றையும் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். கண்ணாடி விளிம்பில் சாக்பீஸ் தடவிக் கதவைச் சாத்தினால், ரப்பரில் எங்கே கோடு விழவில்லையோ அங்கே ஒழுகும். ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிச் சாத்தி இழுத்துப் பார்ப்பார்கள்; எல்லா இடத்திலும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். அப்புறம் குழாய்த் தண்ணீர், கீழிருந்து மேலாக. மேலே தொடங்கினால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியாமல் போய்விடும். அத்தனையும் செய்தாலும் ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் வரத்தான் செய்யும். அதை வாங்கி வெளியே கொண்டுபோக விளிம்பைச் சுற்றி ஒரு கால்வாய் இருக்கிறது. அதைத் துருவேறாமல், அடைபடாமல் வைத்திருக்கிற காரில்தான் இருக்கை காய்ந்திருக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸின் பட்டியலில் இந்தக் கூரைக்கு சிசி1 என்று குறியீடு. பிறகு மாற்றிய காரின் தாள்களில் அது இருக்காது. விலை பார்க்கிறவர்கள் இதை ஒரு குறையாக எண்ணுகிறார்கள், சில விற்பனைக்காரர்கள் மறைக்கவும் செய்கிறார்கள். மறைத்து விற்பது மோசடி, அதில் பேச்சில்லை. ஆனால் “சிசி1 இல்லை, நானே செய்தது” என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லி, பெயின்ட் அடிக்கும் முன் எடுத்த படங்களையும் கையில் கொடுக்கிறவர் ஒருவர் வந்தால், கம்பெனிக் கூரையுள்ள காரைவிட அதற்கு இரண்டு காசு கூடுதலாகக் கொடுக்க நான் தயார். படங்களில் முதலில் அந்தப் பின் பில்லர் தையலைத்தான் தேடுவேன்; அதில் அரம் போன தடம் தெரிந்தால் பேரம் பேச மாட்டேன்.