கண்ணாடியை விட்டு நாலு மில்லிமீட்டர்

பழைய குடும்ப ஃபோட்டோக்களை வீட்டிலேயே டிஜிட்டலாக்க மலிவாக ஒரு ஸ்கேனர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, ‘எத்தனை டிபிஐ?’ கடைப் பையனும் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, ‘இது 4800 ஸார். அது 2400தான்’ என்பான். கொஞ்சம் கூடக் கொடுத்து 4800-ஐ வாங்கிக்கொண்டு திருப்தியாக வீடு திரும்புவார். அந்த எண்ணால் அவருக்குக் கிடைக்கப் போவது அநேகமாக ஒன்றுமில்லை.

டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் ஸ்கேனர் எத்தனை புள்ளிகளாகப் படத்தைப் படிக்கிறது என்ற கணக்கு. ஆல்பத்தில் இருக்கும் சாதாரண 4க்கு 6 அங்குல ஃபோட்டோவை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600, அதாவது சுமார் 86 லட்சம் புள்ளிகள். அதைவிட இரண்டு மடங்கு பெரிதாகப் பிரின்ட் போட்டு ஹாலில் மாட்டலாம். அதே படத்தை 4800-ல் ஸ்கேன் செய்தால் 55 கோடி புள்ளிகள். சுருக்காமல் சேமித்தால் ஒரே படம் ஒன்றரை ஜிபிக்கு மேல். கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். படத்தில் புதிதாக என்ன தெரியும்? காகிதத்தின் நார் தெரியும். அந்தக் காலத்துக் காமிராவும் காகிதமும் பதிவு செய்யாத பாட்டியின் மூக்குத்திக் கல்லை எந்த டிபிஐ-யும் திரும்பக் கொண்டுவராது. ஸ்டாம்ப் சைஸ் படங்களுக்கு மட்டும் 1200 வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கெல்லாம் 600 தாராளம்.

இரண்டாயிரத்துச் சொச்சங்களில் இன்னும் மோசம். பெட்டியில் கொட்டை எழுத்தில் 9600, 19200 என்றெல்லாம் போட்டு, பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘இன்டர்போலேட்டட்’ என்றிருக்கும். அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நடுவில் குத்துமதிப்பாக இட்டு நிரப்பியது என்று அர்த்தம். செகண்ட்ஹாண்ட் வாங்குகிறவர்கள் ‘ஆப்டிகல்’ என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

பெட்டியில் எழுதாத விஷயம்தான் முக்கியம். ஸ்கேனர்களில் இரண்டு ஜாதி. ஒன்று, ‘காண்டாக்ட் இமேஜ் சென்ஸார்’ என்னும் சிஐஎஸ். கேனான் லைடு 300, லைடு 400, எப்ஸன் வி39 எல்லாம் இந்த வகை. ஒல்லியாக, லேசாக இருக்கும். யுஎஸ்பி வயரிலேயே மின்சாரமும் எடுத்துக்கொள்ளும், விலையும் குறைவு. இதில் சென்ஸார் கண்ணாடிக்கு அடியில் ஒட்டினாற்போல் ஊர்ந்து போகும். பெயரிலேயே ‘காண்டாக்ட்’ இருக்கிறதல்லவா, கண்ணாடியோடு ஒட்டி இருப்பதைத்தான் அது தெளிவாகப் பார்க்கும். ஃபோட்டோ கண்ணாடியை விட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கிவிடும். இன்னொன்று சிசிடி. உள்ளே சிறிய பல்பு, வரிசையாகக் கண்ணாடிகள், ஒரு லென்ஸ் என்று காமிரா மாதிரியே சமாசாரங்கள். அதனால் பெட்டி தடிமன், விலை அதிகம், தனி அடாப்டர் வேண்டும். ஆனால் நாலைந்து மில்லிமீட்டர் தள்ளியிருப்பதையும் ஓரளவு ஒழுங்காகப் பார்க்கும்.

இந்த நாலு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் வீடுகளில் எந்தப் படங்கள் மிகவும் பழையவை, ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ளவை என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டூடியோ பெயர் புடைத்து அச்சிட்ட கெட்டி அட்டையில் ஒட்டிய கல்யாணப் படம். அட்டை மழைக்காலத்து அப்பளம் மாதிரி வளைந்திருக்கும். கூடத்தில் ஃபிரேம் போட்டு, வருஷா வருஷம் சந்தனம் குங்குமம் வைத்து மாட்டியிருக்கும் கொள்ளுத்தாத்தா. ஈரத்தில் படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தால் தாத்தாவின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும், தயவுசெய்து பிய்க்காதீர்கள். எடுத்த ஸ்டூடியோவை மூடிப் பல வருஷமாகியிருக்கும், நெகட்டிவ் போன இடம் தெரியாது. ஆக, சல்லிசு ஸ்கேனர் எந்தப் படத்துக்கு மிகவும் தேவையோ அந்தப் படத்தில்தான் தோற்கிறது. 1990களில் லேபில் கழுவிய வழவழப்பான, தட்டையான பிறந்தநாள் படங்களைப் பிரமாதமாக ஸ்கேன் செய்கிறது. அவற்றுக்கு நெகட்டிவும் பீரோவில் இருக்கும்.

அப்படியானால் எதை வாங்குவது? என் அபிப்பிராயத்தில், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் தட்டையான ஆல்பப் படங்கள் என்றால் ஒன்றும் வாங்க வேண்டாம். பிள்ளைகளின் ஸ்கூல் புராஜெக்டுக்காக வாங்கிய ஆல்-இன்-ஒன் பிரிண்டரின் மூடியைத் திறந்தால் அதிலேயே ஒரு சிஐஎஸ் ஸ்கேனர் இருக்கிறது. 600 டிபிஐ-க்குப் போதும். அதுவும் இல்லாதவர்கள் லைடு 300 வாங்கலாம். லைடு 400-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்குப் பாதி தேறும். அட்டைப் படங்கள் அதிகம் உள்ளவர்கள் சிசிடி தேடவேண்டும். 2009-ல் வந்த எப்ஸன் வி600 நல்ல மெஷின். ஆனால் லைடைப் போலப் பல மடங்கு விலை, ஆல்பம் முடிந்ததும் அட்டாலியில் தூங்கும். அதற்குப் பதில் சித்தப்பா வீட்டு அட்டாலியில் ஏற்கெனவே தூங்கும் பழைய சிசிடி ஸ்கேனரை எழுப்பலாம். எப்ஸன் வி370 மாதிரி ஒன்று. ‘புது விண்டோஸில் வேலை செய்யவில்லை’ என்று ஒதுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் மெஷினில் பழுது இருக்காது, டிரைவர்தான் பிரச்னை. வ்யூஸ்கேன் என்று ஒரு மென்பொருள், கம்பெனிகள் கைவிட்ட ஆயிரக்கணக்கான ஸ்கேனர்களை ஓட்டுகிறது. காசு கொடுத்து வாங்கவேண்டும், என்றாலும் புது ஸ்கேனரைவிட மலிவு.

நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஆனால் அதற்கு மூடியிலிருந்து வெளிச்சம் வரவேண்டும், லைடு உதவாது. வி600-ல் அது உண்டு. ‘டிஜிட்டல் ஐஸ்’ என்று தூசி, கீறலை அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து நீக்கும் வித்தையும் உண்டு. கலர் நெகட்டிவில் அற்புதமாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் செய்யாது. அதிலுள்ள வெள்ளி அகச்சிவப்பு ஒளியையும் மறித்துவிடுவதால் தாத்தாவின் மீசையையே கீறல் என்று எண்ணிக்கொள்ளும்.

பிரிண்டருக்குப் பேப்பர் போவது போலப் படங்களை உருளையில் இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர்களும் இருக்கின்றன. படுவேகம். அறுபது வருஷத்து அட்டையை அதன் வாயில் கொடுக்க எனக்கு மனசு வராது. கண்ணாடியோடு ஒட்டிப்போன ஃபிரேம் படங்களுக்கு செல்ஃபோனே மேல். கூகுள் 2016-ல் வெளியிட்ட ஃபோட்டோஸ்கேன் நாலு மூலையையும் தனித்தனியாகப் படம் பிடித்து, பளபளப்பைக் கழித்து ஒன்றாகத் தைக்கிறது. ஸ்கேனரின் நுணுக்கம் வராது. முகம் வந்துவிடும்.

எந்த மெஷினானாலும் ‘ஆட்டோ’ என்று போட்டிருக்கும் அழகுபடுத்தல்களை அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள், பழுப்பும் கறையும்கூடச் சரித்திரம்தான். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஒரு ஸ்கேன். 1970, 80களில் பட்டுத்துணி மாதிரி சொரசொரவென்று ஒரு காகிதத்தில் பிரின்ட் போடுவார்கள். அதை ஸ்கேன் செய்தால் முகமெல்லாம் வெள்ளைப் பொரி. படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு தரம் எடுத்து, இரண்டையும் மென்பொருளில் கலந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எதை முதலில் ஸ்கேன் செய்வது? எல்லோரும் மிகப் பழையதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகளால் ஆனது, ஈரமில்லாமல் வைத்திருந்தால் நூறு வருஷம்கூடத் தாங்கும். கலர் படம் சாயம். 1970களின் கலர் பிரின்ட்களில் நீலச்சாயம்தான் முதலில் ஓடும், ஆல்பத்தை மூடி இருட்டில் வைத்திருந்தாலும். அதனால்தான் அந்தக் காலத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை, பெண், புரோகிதர் எல்லோரும் செக்கச்செவேலென்று இருக்கிறார்கள். முதலில் சிவந்தவர்களைக் கவனியுங்கள். தாத்தா காத்திருப்பார்.

ஒரு படத்தைத் தூசி தட்டி வைத்து, மூடி, ஸ்கேன் செய்து, பெயர் கொடுத்து எடுக்க ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் 1200 படத்துக்கு இருபது மணி நேரம். அது போகட்டும், பெயர் கொடுப்பது என்றேனே, அங்கேதான் ஸ்கேனர் விஷயம் முடிந்து வேறு விஷயம் ஆரம்பிக்கிறது. ‘ஸ்கேன்0047’ என்று கம்ப்யூட்டர் கொடுக்கும் பெயரோடு விட்டுவிட்டால், பத்து வருஷம் கழித்து அதில் உள்ள ஏழு பேரில் நாலு பேரை யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவர் அல்லது இருவர்தான் மிச்சம்.

எங்கள் வீட்டில் அத்தை. வயது 86. பொடிப் பொடியாக இருந்த முகங்களை லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டினேன். செல்ஃபோனில் ரெக்கார்டரையும் ஓடவிட்டிருந்தேன். திண்ணையில் எடுத்த ஒரு குரூப் படம், 1951 என்று பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது. ஓரத்தில் பாதி உடம்பு தூணுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் ஒரு பெண்.

‘‘இது யாரு அத்தை?’’

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ‘‘எங்கப்பாவோட மூத்த சம்சாரத்தோட தங்கை.’’

‘‘மூத்த சம்சாரமா?’’

‘‘உனக்கு யாருமே சொல்லலையாடா?’’ என்றாள்.

அன்றைக்கு மொத்தம் மூன்று படம்தான் முடிந்தது.