நரசிம்ம மேத்தாவின் பொன் உவமை

கூர்ஜர மொழியின் ஆதிகவி எனப் போற்றப்பெறும் நரசிம்ம மேத்தா 15ஆம் நூற்றாண்டினர். ஜூனாகட்டில் வாழ்ந்த நாகர அந்தணர். காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டங்களால் நாடறிந்த ‘வைஷ்ணவ ஜன தோ’ ஒன்றே பலர்க்கும் அவரது அடையாளமாயிற்று. அவரது தத்துவமோ விடியலில் பாடப்பெறும் ‘பிரபாதியா’க்களில் ஆழ்ந்து கிடக்கிறது.

அவற்றுள் ஒன்று, அணிகலன்கள் நாமரூபங்களால் வேறுபடினும் முடிவில் பொன் பொன்னே என்கிறது. இதுகொண்டு அவரை அத்வைதி எனத் துணிவாருளர். ஆயினும் இத்திருஷ்டாந்தம் ஸத்வித்யையினது. ஆரம்பணாதிகரணத்தில் பாஷ்யகாரர் இதனைக் காரிய காரணங்களின் அநந்யத்வபரமாகவே நிர்வஹித்தருளினார். காரியம் பொய் என்பது அதனால் ஸித்தியாது. விழித்து நோக்கின் உலகம் தோன்றவில்லை என்னும் மற்றொரு பதமே அத்வைத பக்ஷத்துக்கு மெய்யான பலம். அதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆனால் அவரே, ஹரியின் அடியார் முக்தியை வேண்டார், நித்திய ஸேவைக்கும் கீர்த்தனத்துக்குமாகப் பிறவிதோறும் பிறவியையே வேண்டுவர் என்றும் பாடுகிறார். உலகைப் பொய்யென்று ஒழித்தவர்க்கு இவ்வேண்டுகோள் எங்ஙனம் கூடும்? பாகவதர் வாய்வழி வந்து, பிற்காலத்தே ஏடேறிய பாடல்களில் ஒரு பதத்தைப் பிரித்தெடுத்து ஸித்தாந்தம் கட்டுவது எப்போதும் ஆபத்தே.

கிர்நார் அடிவாரத்துத் தாமோதர குண்டத்துக்கு நீராடச் சென்றவரை, தீண்டாதார் எனப்பட்டோர் கீர்த்தனத்துக்கு அழைத்தனர். அவர் இல்லத்தில் விடியுமளவும் பாடினார். பரிகஸித்த நாகரர்க்கு அவர் விடையளித்ததும் பாட்டாகவே: தாம் அத்தகையரே என்று.