மேற்குத் தொடர்ச்சி மலை: உழைப்பின் யதார்த்தமும் இழப்பின் கணக்கும்

முன்னுரை

உழைக்கும் மக்களின் வாழ்வைச் சொல்லும் திரைப்படங்களை மதிப்பிடும்போது, அவை பார்வையாளரை எவ்வளவு கலங்கவைத்தன என்பதே பெரும்பாலும் அளவுகோலாகிறது. கண்ணீர் மிகுந்தால் யதார்த்தம் மிகுந்தது என்ற எண்ணம் விமரிசனத்திலும் ஊடுருவியிருக்கிறது. துயரத்தைக் காட்டுவது எளிது. அது எந்த வழியாக, எந்தக் கணக்கின்படி ஒரு வீட்டுக்குள் நுழைகிறது என்பதைக் காட்டுவதே அரிது. லெனின் பாரதியின் இயக்கத்தில் 2018இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' இவ்வரிய பணியைச் செய்த படம். அதன் யதார்த்தம் எதில் நிலைகொண்டுள்ளது, எங்கே தளர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ்ச் சூழலில் இதன் இடம்

தொழிலாளர் வாழ்வு தமிழ்த் திரைக்குப் புதிதன்று. நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' (1960), ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்' (1982) ஆகியவை முன்னோடி முயற்சிகள். தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைப் பாலாவின் 'பரதேசி' (2013) சொன்னது. அப்படத்தில் துன்பத்துக்கு முகங்கள் உண்டு. கங்காணியும் துரையும் அதன் உருவங்கள். பார்வையாளரின் சினம் சென்று தாக்க ஓர் இலக்கு கிடைக்கிறது. 'மேற்குத் தொடர்ச்சி மலை' அத்தகைய இலக்கை எளிதில் தருவதில்லை. இதிலும் கங்காணி உண்டு, தோட்ட முதலாளி உண்டு, உரக்கடைக்காரர் உண்டு. ஆயினும் கதையின் பேரிழப்பு ஒருவரின் கொடுங்குணத்தால் மட்டும் நிகழ்வதன்று. நாள்தோறும் நடக்கும் கொடுக்கல் வாங்கலின் ஊடாகவே அது வந்து சேர்கிறது.

கதை சுருக்கமானது. தேனிப் பகுதி அடிவாரத்துக்கும் கேரளத்தின் ஏலத் தோட்டங்களுக்கும் இடையே மூட்டை சுமப்பவன் ரங்கசாமி. அவனுக்கு வாழ்வில் ஒரே நாட்டம்: சொந்தமாகச் சிறிது நிலம். அது பலமுறை கைக்கெட்டி நழுவுகிறது, பின்பு கிடைக்கிறது, முடிவில் கடனுக்குப் போகிறது. அதே நிலத்தில் எழுந்த காற்றாலையின் காவலாளியாக அவன் அமர்ந்திருப்பதோடு படம் நிறைவுறுகிறது.

நடையும் காலமும்

படத்தின் முற்பகுதியில் பெரும்பங்கு மலையேற்றத்துக்கே தரப்படுகிறது. ரங்கசாமி நடக்கிறான், வழியில் எதிர்ப்படுவோரிடம் பேசுகிறான், ஒருவரின் செய்தியை மற்றொருவரிடம் சேர்க்கிறான், மீண்டும் நடக்கிறான். வழக்கமான திரைக்கதை இலக்கணப்படி இங்கு 'ஒன்றும் நடக்கவில்லை' எனலாம். எனினும் இந்த நடையே பின்னர் வரும் அனைத்துக்கும் அடித்தளம். மூட்டையின் கனம், ஏற்றத்தின் நீளம், மூச்சின் இளைப்பு ஆகியவற்றைப் பார்வையாளர் தம் உடலாலேயே உணர்ந்த பிறகுதான், அந்த உழைப்பால் சேர்ந்த பணத்தின் மதிப்பு அவருக்கு விளங்கும்.

தள்ளாத வயதிலும் தம் சுமையைப் பிறரிடம் கொடுக்க மறுக்கும் முதிய சுமைகாரர் ஒருவர் இப்பாதையில் வருகிறார். அவரது பிடிவாதத்தைப் படம் இரக்கத்துக்குரியதாகக் காட்டவில்லை, தொழிற்பெருமையாகவே காட்டுகிறது. உழைப்பாளியை வெறும் துன்பத்தின் வடிவமாகக் குறுக்கிவிடாமல், தன் வேலையில் தேர்ச்சியும் தன்மதிப்பும் உடையவராகக் காண்பது யதார்த்தத்தின் முதல் கடமை. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவும் இக்கடமையை மறக்கவில்லை. மலையின் அழகை அது மறைப்பதில்லை. அழகுக்காக மனிதரை மறப்பதும் இல்லை. இளையராஜாவின் இசையும் பல இடங்களில் விலகி நின்று காலடியோசைக்கும் காற்றுக்கும் வழிவிடுகிறது.

கணக்கின் யதார்த்தம்

இத்தாலிய நவயதார்த்தப் படமான 'சைக்கிள் திருடர்கள்' (1948) திரைப்படத்தில், அடகிலிருக்கும் சைக்கிளை மீட்கப் படுக்கை விரிப்புகள் அடகுக்குப் போகின்றன. விட்டோரியோ டி சிகா அங்கே ஏழ்மையைச் சொற்களால் விளக்கவில்லை. ஒரு பொருள் போனால்தான் மற்றொரு பொருள் வரும் என்ற கணக்கால் விளக்கினார். லெனின் பாரதியின் முறையும் இதற்கு நெருங்கியது.

சேமித்த பணத்தை ஏலக்காயாக்கி, அதை விற்று நிலம் வாங்க எண்ணுகிறான் ரங்கசாமி. மலைச்சரிவில் மூட்டை உருண்டு, கிழிந்து, காய்கள் பள்ளத்தாக்கெங்கும் சிதறுகின்றன. மிகை நாடகத்துக்கு இதைவிட வாய்ப்பான காட்சி அமையாது. படம் அவ்வாய்ப்பைப் பயன்படுத்த மறுக்கிறது. விழுந்தது எவ்வளவு என்பது நமக்கு முன்பே தெரியும். எனவே அழுகையைக் கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

நிலம் போகும் முறை இதைவிட நுட்பமானது. ரங்கசாமி சிறை சென்றபின் அவன் மனைவி ஈஸ்வரி பயிரிடுகிறாள். விதையும் உரமும் கடனாக வருகின்றன. கடன் ஏறுகிறது, நிலம் கைமாறுகிறது. வாளெடுத்து எவரும் பறிக்கவில்லை. கடன் கொடுத்தவர் ஒருகாலத்தில் உதவியவராகவே தோன்றியவர். உதவியும் சுரண்டலும் ஒரே கையிலிருந்து வரக்கூடும் என்ற உண்மையைப் பிரசாரமின்றி உணர்த்தியது இப்படத்தின் தலையாய சாதனை.

திணையின் திரிபு

சங்க மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், அந்நிலத்தின் தெய்வம், உணவு, மரம், தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாகவும், மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருளாகவும் வகுத்தது. இப்படத்தில் மலை வெறும் பின்னணியாக நில்லாமல் முதற்பொருளாகவே இயங்குகிறது. ஏலமும் சுமையும் அதன் கருப்பொருள். வாகனப் பாதை வந்ததும் சுமைகாரரின் தொழில் மறைகிறது. காற்றாலை வந்ததும் உழவு மறைகிறது. கருப்பொருள் ஒவ்வொன்றாக நீங்க, முதற்பொருள் மட்டும் எஞ்சுகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்தை இவ்விடத்தில் நினைவுகூரலாம். அங்கே திரிபுக்குக் காரணம் கதிரவனின் வெம்மை, இங்கே மூலதனம். பச்சை மாறாத மலையிலேயே ஒரு பாலை உருவாகிறது.

தளரும் இடம்

குறையும் சுட்டத்தக்கது. தொழிற்சங்கத் தோழர் சாக்கோவை மையமாகக் கொண்ட பிற்பகுதியில், கட்சித் தலைமையின் சமரசமும் அதைத் தொடரும் கொலையும் விரைந்து நிகழ்கின்றன. அதுவரை நடைக்குக் கொடுத்த பொறுமையைப் படம் அரசியலுக்குக் கொடுக்கவில்லை.

இதைவிட முக்கியமானது ஈஸ்வரியின் பங்கு. நிலம் உண்மையில் இழக்கப்படுவது அவள் கைகளில் அது இருந்த காலத்தில்தான். விதைத்ததும், கடன் கேட்டு நின்றதும், பிள்ளையை வளர்த்ததும் அவளே. ஆயினும் அவ்வாண்டுகள் சில காட்சிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆணின் மலையேற்றத்துக்குக் கிடைத்த கால அளவு பெண்ணின் வயல்வேலைக்குக் கிடைக்கவில்லை. உழைப்பைக் காலத்தால் அளந்து காட்டுவதே இப்படத்தின் அறம் என்றால், அந்த அறத்தின்படியே இது குறை.

முடிவுரை

இறுதிக் காட்சியில் சீருடையணிந்த ரங்கசாமியிடமிருந்து கேமரா மேலெழுந்து விலகுகிறது. ஒரு காற்றாலை பலவாகிறது. மனிதன் புள்ளியாகி மறைகிறான். இதை விதியின் வெற்றியாகக் கொள்வது பொருந்தாது. விதி என்றால் காரணம் கேட்க இயலாது. இப்படமோ ஒவ்வோர் இழப்புக்கும் காரணத்தை வரிசையாகக் காட்டியே இவ்விடம் வந்து சேர்ந்திருக்கிறது. நம்பிக்கைச் சொல் ஒன்றையும் படம் உதிர்க்காதது அவநம்பிக்கையால் அன்று. பார்வையாளரை ஏமாற்ற மனமின்மையால்.

'கங்காணி' என்னும் சொல் இலங்கை மலையகத்திலும் மலாயாத் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழருக்கு அந்நியமானதன்று. தோட்டம் விட்டு வெளியேறிய மலேசியத் தமிழர் வாழ்வைச் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) பேசியது. ஒரே உழைப்பு வரலாற்றின் வெவ்வேறு கிளைகளாகிய இவ்விரு படங்களையும் அருகருகே வைத்து ஆராய வேண்டிய தேவை உண்டு. சொந்த உழைப்பால் பண்படுத்திய மண்ணில் கூலியாள் ஆக நேர்ந்தவரின் கதை ஒரு மலைக்கு மட்டும் உரியதன்று. அக்கதையை மிகையின்றிச் சொன்ன வகையில், 'மேற்குத் தொடர்ச்சி மலை' தமிழ் யதார்த்தத் திரைப்படத்துக்கு ஓர் அளவுகோலாக நிற்கிறது.