போரடித்தலும் போர் அடித்தலும்

'போர் அடிக்குது' தமிழ் இல்லை, 'சலிப்பாக இருக்கிறது' என்று எழுது என்கிறார்கள் தனித்தமிழ் அன்பர்கள். அந்தச் 'சலிப்பு' என்ற சொல்லையோ நமது சிறுபத்திரிகை மரபு காம்யு, சார்த்தர் படித்த இருத்தலியல் நாயகனுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே காணாமல் போவது ஒரு புகார்.

ஆங்கிலத்திலேயே இது ரொம்பப் பழைய சொல் இல்லை. இந்தப் பொருளில் 'போர்' 18ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. 1852–53இல் தொடராக வந்த டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' நாவலில் 'போர்டம்' ஒரு மாளிகைச் சீமாட்டியோடு சேர்ந்தே வருகிறது. உழைக்கத் தேவையில்லாத வர்க்கத்தின் பெயர்ச்சொல் அது.

தமிழில் அதோடு 'அடிக்குது' ஒட்டிக்கொண்டது. வெயில் அடிக்குது, காத்து அடிக்குது என்பதுபோல வெளியிலிருந்து வந்து ஆளைத் தாக்குகிற ஒன்று. 'மடி' என்றால் குற்றம் ஆளுடையது. குறளின் 61ஆம் அதிகாரம் அதைத்தான் கடிகிறது. 'போர்' என்றால் குற்றம் சூழலுடையது. இந்த இடமாற்றம் சின்ன விஷயமில்லை.

செட்டிநாட்டை எடுத்துக்கொள்வோம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போன ஆண்கள் ஒரு கணக்குக்கு மூன்று வருஷம் அங்கேயே இருந்தார்கள். அந்தப் பணத்தில் எழுந்த வீடுகளைப் பற்றி, ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு என்று எழுதித் தீர்த்தாயிற்று. வளவுக்குள் இருந்த ஆச்சிமாரின் மூன்று வருஷத்துக்கு என்ன பெயர்? அவர்கள் முடைந்த ஓலைக் கொட்டானைக் கைத்திறனாகப் பார்க்கிறோம். அதற்குள் முடைந்து கிடக்கும் பொழுதைப் பார்ப்பதில்லை.

அதே வீட்டின் பின்கட்டில் நெல் குத்தியவளின் சொல் 'அலுப்பு'. அவளுக்குப் போரடிப்பது என்றால் களத்தில் மாடு கட்டி, வைக்கோலை மிதிக்கவிட்டு, மிச்ச நெல்லை உதிர்ப்பது. ஒலி ஒன்றுதான். ஒன்று உழைப்பு, மற்றது உழைப்பில்லாத நேரம். ஆச்சியையும் அவளையும் சமமாக்க முடியாது. ஒருத்தியின் வெறும் பொழுதை மற்றவளின் உழைப்புதான் தாங்கியது. ஆனாலும் இருவர் பொழுதும் அவரவர் கையில் இல்லை.

ஆகவே ஒரு பாத்திரம் சலித்துக்கொள்ளும்போது அதன் தத்துவ ஆழத்தை அளப்பதற்கு முன்னால், அந்தப் பொழுது யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டியது விமர்சனத்தின் வேலை. கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021இல்தான். வாடிக்கையாளர் வராத மத்தியானத்திலும் நின்றுகொண்டே இருந்த ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அலுப்பும் போரும் ஒரே உடம்பில். 'போர் அடிக்குது' என்று அவள் சொன்னால் அதைத் திருத்த வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டால் போதும்.