அமீன்கள் பாடப்பகுதி: தமிழ்வழிக் கரிம வேதியியல் நூல்களின் அமைப்புமுறையும் கலைச்சொல்லும் – ஒரு திறனாய்வு

முன்னுரை

அம்மோனியாவின் ஹைட்ரஜன் அணுக்களுள் ஒன்றோ பலவோ அல்கைல் அல்லது அரைல் தொகுதிகளால் பதிலீடு செய்யப்படும்போது அமீன்கள் உருவாகின்றன. சாயம், மருந்து, பலபடி முதலிய தொழில்களுக்கு இவை அடிப்படை. தமிழ்வழி நூல்கள் பொதுவாக இப்பகுதியைத் தயாரித்தல், பண்புகள், வினைகள் என மூன்றாகப் பிரித்து விளக்குகின்றன. தேர்வுக்கு இப்பகுப்பு எளிதே. ஆயினும், ஒரே காரணத்தால் நிகழும் செய்திகளை இது தனித்தனித் துண்டுகளாக்கிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

‘இணை’ என்னும் சொல்

தமிழ்நாட்டு நூல்கள் அமீன்களை ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய என வகைப்படுத்துகின்றன. நைட்ரஜனுடன் இணைந்த கார்பன் தொகுதிகளின் எண்ணிக்கையை இது குறிக்கிறது. ஆனால் அதே பாடத்தில் எலக்ட்ரான் இணை, இணை அமிலம் என்னும் தொடர்களும் இடம்பெறுகின்றன. முதல் வழக்கில் ‘இணை’ சேர்தலையும், இரண்டாவதில் இரட்டையையும், மூன்றாவதில் துணையையும் உணர்த்துகிறது. ‘ஓரிணைய அமீன்’ என்பதை ஓர் எலக்ட்ரான் இணையுடைய அமீன் என ஒரு மாணவர் கொண்டால், இலக்கணப்படி அதில் பிழையில்லை. வேதியியல்படி மூவகை அமீன்களுக்கும் அது பொருந்திவிடும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஆல்கஹாலை வகைப்படுத்தும்போது ஹைட்ராக்சில் தொகுதியைத் தாங்கும் கார்பனைக் கருதுகிறோம். அமீனில் நைட்ரஜனையே கருதுகிறோம். ஆகவே மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் மூவிணைய ஆல்கஹாலாக இருக்க, மூவிணைய பியூட்டைல் அமீன் ஓரிணைய அமீனாகிறது. அளவுகோல் மாறியதை வெளிப்படையாகக் கூறாத நூல் முரண்பாட்டையே கற்பிக்கிறது. இலங்கைத் தமிழ் நூல்களின் முதல், வழி, புடை என்னும் வழக்கு ‘இணை’ மயக்கத்தைத் தவிர்க்கிறது. எனினும் அளவுகோல் வேறுபாட்டை அதுவும் தானாக விளக்கிவிடாது.

தயாரித்தலில் தொடங்கும் பண்பு

அம்மோனியாவை அல்கைல் ஹாலைடுடன் வினைப்படுத்தினால் அமீன்களின் கலவை கிடைக்கும் என்பதை நூல்கள் ஒரு குறைபாடாகக் குறித்துவிட்டு நகர்கின்றன. விளைந்த அமீனும் கருக்கவர் பொருளாகி மேலும் வினைபுரிவதே அதன் காரணம். ஆகவே அது குறைபாடு மட்டுமன்று, அமீனின் முதல் வினையும் ஆகும். கேப்ரியல் முறையில் தாலிமைடு நைட்ரஜனில் ஓர் அல்கைல் தொகுதிக்கே இடமிருப்பதால் ஓரிணைய அமீன் மட்டும் கிடைக்கிறது. அரைல் ஹாலைடுகள் எளிதில் கருக்கவர் பதிலீட்டுக்கு உட்படாமையால் அனிலீனை இம்முறையில் பெற இயலாது. இவ்விரு செய்திகளும் அடுத்தடுத்து நின்றால் மனப்பாடம் தேவைப்படாது.

காரத்தன்மை வரிசை

மிகப் பெரும் குழப்பம் இங்கேயே எழுகிறது. அல்கைல் தொகுதி எலக்ட்ரானை வழங்குவதால் காரத்தன்மை மிகும் என்னும் விதி வாயுநிலையில் மெத்தில் அமீன்களுக்கு முழுமையாகப் பொருந்தும். அங்கு டிரைமெத்தில் அமீனே வலிமை மிக்கது. நீரில் நிலைமை வேறு. காரப் பிரிகை மாறிலியின் எதிர்மடக்கை மதிப்பு டைமெத்தில் அமீனுக்கு 3.27, மெத்தில் அமீனுக்கு 3.38, டிரைமெத்தில் அமீனுக்கு 4.22, அம்மோனியாவுக்கு 4.75. மதிப்புக் குறையக் குறையக் காரம் வலிமை பெறும். மூன்று மெத்தில் தொகுதிகள் இருந்தும் டிரைமெத்தில் அமீன் பின்தங்குவதற்கு, அதன் அயனியில் ஒரு ஹைட்ரஜனே எஞ்சி நீரேற்றத்தால் கிடைக்கும் நிலைப்பு குறைவதே முதன்மைக் காரணம். எத்தில் அமீன்களிலோ டைஎத்தில் 3.00, டிரைஎத்தில் 3.25, எத்தில் 3.29 என வரிசை மீண்டும் மாறுகிறது. தூண்டல் விளைவு, நீரேற்றம், கொள்ளிடத் தடை ஆகியவற்றின் கூட்டு விளைவே இது. ஊடகத்தைக் குறிப்பிடாத வரிசை, உண்மையாயினும் அறிவாகாது.

வினைகளில் அதே காரணம்

அனிலீனை நைட்ரோ ஏற்றம் செய்யும்போது பாரா 51, மெட்டா 47, ஆர்த்தோ 2 விழுக்காடு விளைபொருள்கள் கிடைக்கின்றன. அமினோ தொகுதி ஆர்த்தோ, பாரா இடங்களுக்கே வழிகாட்டும் எனப் படித்தவருக்கு 47 என்னும் எண் வியப்பளிக்கும். வலிமையான அமிலத்தில் அனிலீன் புரோட்டானை ஏற்று அனிலீனியம் அயனியாவதால் மெட்டா விளைபொருள் மிகுகிறது. அனிலீன் ஃபிரீடல்–கிராஃப்ட்ஸ் வினைக்கு உட்படாமையும் அலுமினியம் குளோரைடுடன் அது உப்பாவதாலேயே. இரண்டும் காரத்தன்மையின் விளைவுகள். ஆனால் நூல்களில் இவை காரத்தன்மைப் பகுதியிலிருந்து பல பக்கங்கள் தள்ளி, விதிவிலக்குகள்போல் நிற்கின்றன.

முடிவுரை

நைட்ரஜனின் தனித்த இரட்டை எலக்ட்ரானை மையமாக நிறுத்தினால், தயாரித்தலின் கலவை, காரத்தன்மை, பதிலீட்டின் திசை ஆகிய மூன்றும் ஒரே தொடராகும். வகைப்பாட்டின் அளவுகோலை முதற்பக்கத்திலேயே கூறுதல், ‘இணை’யின் மூன்று பொருளையும் வேறுபடுத்துதல், ஒவ்வொரு வரிசைக்கும் ஊடகத்தைக் குறித்தல் ஆகிய மூன்று திருத்தங்களுக்குப் புதிய சொல்லாக்கம் தேவையில்லை. தமிழில் வேதியியல் கற்பிக்க இயலுமா என்னும் வினா இன்று பொருளற்றது. காரணத்தைத் தமிழில் எழுதுகிறோமா, முடிவை மட்டும் எழுதுகிறோமா என்பதே நூலாசிரியர்முன் உள்ள வினா.